தெட்சே என்று சொன்னவன்

"அசையாதீங்க."

குரல் மெல்லியதுதான்... ஆனால் அதிலிருந்த அதட்டலில் அவன் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டான்.

பள்ளிக்கூடச் சுவரோரம் குந்தியிருந்த தாமி, தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. மழை சற்று முன்தான் விட்டிருந்தது. கடல் தாண்டித் தெற்கே போகும் பறவைகள் களைத்துப்போய் இந்த ஓச்சொங் தீவில் இறங்கும் அக்டோபர் காலை. எதிரே சோளத்தட்டைக்குள் பழுப்பாக ஒரு சிட்டு. அபூர்வமானதா, சாதாரணமா... மூன்று வாரமாக இங்கே தங்கிக் கணக்கெடுப்பவளுக்கே குழப்பமாக இருந்தது.

"காலைக் கீழ வைக்கலாமா?"

"மெதுவா. இருமாதீங்க. அந்தச் சிவப்புத் தொப்பியைக் கழட்டுங்க. நேத்துப் படகுல வந்தீங்களா?"

"ஆமாங்க."

"அதான்."

தொப்பியைக் கழற்றிவிட்டு அவளருகே குந்தினான். நெற்றியில் ஒட்டிய ஈர முடி, சிரிப்பை அடக்குகிற கண்கள்... தாமி ஒரு கணம் பறவையை மறந்தாள். இதென்ன வம்பு என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

அவன் தன் தொலைநோக்கியில் பார்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "தெட்சே," என்றான்.

சுருக்கென்றது. முன்னே வந்தவர் பின்னே வந்தவரிடம் காட்டும் திமிருக்குத்தான் அவர்கள் மொழியில் தெட்சே என்று பேர். புதிதாகக் குடிவந்தவர்கள் பக்கத்து வீட்டாரை முதுகுக்குப் பின்னால் சொல்வது. அதை முகத்துக்கு நேரேயா?

"இருமினா பறவை பறந்துடும்னு சொன்னா, அது திமிரா?"

"திமிரா? நான் வந்து... அதைப் பார்த்துட்டு..."

"என்னைப் பார்த்துட்டுத்தான் சொன்னீங்க."

அவன் காது சிவந்தது. "பார்த்தேன்தான்," என்றான் தரையைப் பார்த்து. "ஆனா அதுக்காகச் சொல்லல."

இதற்கு என்ன அர்த்தம்? சிட்டு பறந்துவிட்டது. அவளும் விறுவிறுவென்று நடந்தாள். திரும்பிப் பார்க்கவே கூடாது என்று நினைத்தாள்... இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

விடுதியின் சாப்பாட்டறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. காலையில் பார்த்த பறவைகளை அதில் எழுதிவிட்டுத்தான் அங்கே தங்கியிருப்பவர்கள் எல்லாரும் கரண்டியைத் தொடுவார்கள். கடைசி வரி புதிதாக இருந்தது.

'பள்ளிச் சுவர். சிட்டு ஒன்று. தெட்சே. பார்த்தவர்கள்: ப்யோ மூஜின், இன்னொருவர் (பெயர் கேட்கத் தைரியம் வரவில்லை).'

தெட்சே... ஆனால் திமிரைச் சொல்லும் தெட்சேயின் கடைசி எழுத்து இல்லை இது. பறவை என்று எழுதுகிற எழுத்து. வருஷம் முழுக்க ஒரே ஊரில் இருக்கும் பறவைக்கும் தெட்சே என்றுதானே பேர், உச்சரிப்பும் ஒன்றுதானே... பறவை பறவை என்று அலைகிறவளுக்கு அது தோன்றவே இல்லையே. காலையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, உள்ளூர்ச் சிட்டுதான்.

"சித்தி, அந்தச் சிவப்புத் தொப்பிக்காரர் எங்க?"

"ஒரு நாள் லீவுதானாம். பையைத் தூக்கிட்டுப் படகுக்குப் போயிட்டாரு," என்றாள் விடுதிக்காரி. "நீ உக்காரு, சூப்பு ஆறுது."

உட்கார்ந்தாள். ஓடிப்போய் என்ன சொல்வது? நேற்று வந்தவனிடம், நான்தான் தப்பு என்றா? ஒரு வாய் சாப்பிட்டாள். இந்தப் படகு போய்விட்டால் அப்புறம் அவனை எங்கே தேடுவது... வெட்கமாவது மண்ணாவது என்று எழுந்து ஓடினாள்.

தூறல் மறுபடி பிடித்துக்கொண்டது. படகுப் பாலத்தில் பயணச்சீட்டை நீட்டிக்கொண்டு நின்றான் மூஜின்.

"என் பேரு தாமி. ஷிம் தாமி." மூச்சு வாங்கியது. "நீங்க பறவையைத்தான் சொன்னீங்க. எனக்குத்தான் காது கோணல். தப்பு என்னோடது."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"நானும் ஒண்ணு ஒத்துக்கணும். மத்தவங்க எல்லாரும் கலங்கரை விளக்குப் பக்கம்தான் போனாங்க. நீங்க தனியா உக்காந்திருந்ததைப் பார்த்துட்டுத்தான் நான் சுவருப் பக்கம் வந்தேன். பறவைக்காக வரல."

தாமிக்கு மழை நனைப்பதுகூடத் தெரியவில்லை.

"ஏறுறீங்களா, இல்லையா?" என்றார் சீட்டு வாங்குபவர்.

மூஜின் நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டான். "நாளைக்கும் படகு இருக்குல்ல?" கேள்வி அவரிடம்... கண் தாமியிடம்.

"இருக்கு," என்றாள் தாமி, அவர் வாய் திறப்பதற்குள். "நாளைக்கும் போகாதீங்க."