சாம்பக்கா மரத்து வாசல்

நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மாடியில் கிருஷ்ணன்குட்டியின் விசாரணை அலுவலகம். அங்கே உருப்படியாக வேலை செய்யும் ஒரே பிளக்கில் எப்போதும் அவர் உதவியாளர் ஷிஜாவின் போன்தான் தொங்கும். குவைத்தில் இருக்கும் கணவன் உண்ணி அனுப்புகிற குரல் செய்திகளைப் படுக்கையில் கிடந்தபடி திரும்பத் திரும்பக் கேட்பாள். காலையில் போன் செத்துக் கிடக்கும்.

"ஒனக்க மாப்பிள பேசி முடிச்சாச்சா, இல்ல இன்னும் பாக்கி உண்டா?" என்று தினமும் கேட்பார் கிருஷ்ணன்குட்டி. போலீஸ் குற்றப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஷிஜா சட்டம் படித்தவள், துப்பறிவதென்றால் சோறு தண்ணி வேண்டாம். படியேறி வருகிறவர் வாயைத் திறக்கும் முன்பே மனசுக்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவாள். பிடிபட்ட ஆள் இதுவரை ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அன்று காலை படியேறி வந்தவள் அஜிஷா. காரோடு என்ற ஊர்க்காரி, மொழியியலில் ஆராய்ச்சி செய்கிறாள். பையிலிருந்து உள்ளங்கை அளவு ரெக்கார்டர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"சார், இது நேத்து சாயங்காலம் காணாமப் போச்சு. இண்ணைக்குக் காலத்த திரும்பி வந்துட்டு."

"வந்துட்டுன்னா பின்ன என்ன கேஸு?" என்றாள் ஷிஜா, ஏமாற்றத்தோடு.

அஜிஷா விளக்கினாள். அவளும் சக ஆராய்ச்சியாளன் சஜனும் இரண்டு வருஷமாக எல்லைக் கிராமங்களில் அலைந்து எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: தெரிந்த ஒரு வீட்டுக்கு வழி சொல்லுங்கள். ஜனங்கள் எப்படி வழி சொல்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. கட்டுரையை ஒரு கருத்தரங்குக்கு அனுப்பவேண்டும், கூடவே பதிவு செய்த குரல் மாதிரியும். குன்னத்துகாலில் விலாசினி டீச்சர் வீட்டு மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து அங்கேதான் வேலை. நேற்றுப் பகல் கிடைத்த பதிவு எல்லாவற்றிலும் சிறந்தது. சாயங்காலம் அதைச் சத்தமாகப் போட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அதே கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதும் தீபுவும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று சஜனுக்கும் அவளுக்கும் வாக்குவாதம். ஆளுக்கொரு பக்கம் இறங்கிப் போனார்கள். அவள் திரும்பி வந்தபோது ரெக்கார்டர் இல்லை. வேறு பிரதியும் இல்லை.

"காலத்த போனா மாடிப்படியில இருக்கு. பதிவு ஒண்ணும் அழியல்ல. நேத்து ஃபுல் சார்ஜ் போட்டதாக்கும், இப்பம் துளி சார்ஜ் இல்ல."

"கடைசித் தேதி?"

"நேத்து."

"அப்போ முடிஞ்சு போச்சே!" என்றாள் ஷிஜா.

"இல்லக்கா. இந்தக் கருத்தரங்குகளுக்கு ஒரு கணக்கு உண்டு. உலகத்தில ஏதாவது ஒரு மூலையில அந்தத் தேதி மிச்சம் இருக்குதவரை அனுப்பலாம். நமக்கு அது இண்ணைக்குச் சாயங்காலம் அஞ்சரை ஆக்கும்."

எங்கோ ஒரு கடலோரத்தில் நேற்று இன்னும் முடியவில்லை என்பது ஷிஜாவுக்கு வினோதமாக இருந்தது. குவைத்துக்கும் இப்படி ஒரு கணக்கு இருந்தால் உண்ணி ஊரில் இருந்த நாட்களை நீட்டி வைத்திருக்கலாமே என்று தோன்றியது.

"சஜன்தான் எடுத்துக் காப்பி பண்ணியிருப்பான்னு தோணுது," என்றாள் அஜிஷா. "அப்படியானா அவன் பேரை எடுத்துட்டு அனுப்புவேன். அனுப்பினா பின்ன பேரை மாத்த முடியாது. அவன் எடுக்கல்லேன்னா... எனக்க கூட வெயில்லயும் மழையிலயும் நடந்தவனாக்கும் சார். அஞ்சரைக்குள்ள எனக்குத் தெரியணும்."

கிருஷ்ணன்குட்டி ஷிஜாவின் போனைப் பிடுங்கிவிட்டு ரெக்கார்டரைப் பிளக்கில் மாட்டினார். கடைசியாக எந்தப் பதிவு ஓடியதோ அதிலேயே அது திறந்தது. வயதான ஓர் ஆண் குரல், அவசரமில்லாத குரல்.

"ரெயில் கேட்டு கடந்து கனால் கரையோட போவணும். தென்னந்தடிப் பாலம் வரும். பைய சவிட்டணும், வழுக்கும். அக்கரையில ரப்பர் தோட்டத்தச் சுத்தி ஏறினா ஒரு சாம்பக்கா மரம். அதுக்கப் பக்கத்தில சின்ன வாசல். முன்வாசல் வழி போவப்பிடாது. மரத்தடியில நிண்ணா போதும். விளிக்க வேண்டாம். அவிய பாத்து வருவாவ."

"ஆளு யாரு?"

"பேரை மறைக்கணும்னு எங்களுக்கு விதி உண்டு சார். பாறசாலையில ரெயில்வே வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. கல்யாணம் கழிக்கல்ல. அதுமட்டும் சொல்லலாம்."

"அது போதும் மக்கா," என்றார் கிருஷ்ணன்குட்டி.

மதியத்துக்கு மேல் குன்னத்துகாலில் இறங்கினார்கள். விலாசினி டீச்சர் பள்ளிக்கூட வேலையில் இருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருப்பவர். பகலிலும் கேட்டைப் பூட்டி வைக்கும் பழக்கம், பூட்டைத் திறந்து உள்ளே விட்டார். ஷிஜா சஜனின் செருப்புத் தடம் தேடி வீட்டைச் சுற்றி வந்தாள். பின்பக்கச் சுவரோரம் ஒரு மரம். அடியில் சிவப்புச் சிவப்பாகப் பழம் உதிர்ந்து எறும்பு மொய்த்தது. மரத்துக்குப் பக்கத்தில் சுவரின் ஒரு துண்டு மட்டும் வேறு நிறக் கல்லாக இருந்தது. தடம் ஒன்றும் அகப்படாத சலிப்பில் இதையும் சேர்த்து சாரிடம் ஒப்பித்தாள். அவர் போய் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்.

சஜனையும் தீபுவையும் வரவழைத்து எல்லோரையும் முன்னறையில் உட்காரவைத்தார். ஷிஜா சஜனை முறைத்த முறைப்பில் பாவம், அவன் தண்ணீர் கேட்டுக் குடித்தான்.

"எடுத்தவன் எதுக்குத் திருப்பி வச்சான்?" என்று நிதானமாக ஆரம்பித்தார் கிருஷ்ணன்குட்டி. "நேத்தோட காரியம் முடிஞ்சு, இனி அனுப்ப முடியாதுன்னு நெனச்சுத்தான். தடுக்க எடுத்த ஆளுக்கு அஞ்சரைக் கணக்கு தெரிஞ்சிருந்தா அஞ்சரை கழிஞ்சாக்கும் வைப்பாவ. தீபு, நீ உன் கட்டுரையை எப்ப அனுப்பினே?"

"இண்ணைக்குக் காலத்த, சார். நாங்க எல்லாரும் அப்படித்தான்."

"சஜனுக்கும் அது தெரியும்."

"சாரே, தடுக்க இல்ல, காப்பி அடிக்க எடுத்திருந்தா?" ஷிஜா விடுகிறதாக இல்லை.

"காப்பி அடிக்க எவ்வளவு நேரம் ஆவும்? பாட்டரி எப்படித் தீந்துது? இந்தக் கேள்விக்கு இந்த அறையில ஒன்னைவிட நல்லாப் பதில் சொல்ல ஆளு இல்ல, ஷிஜா."

ஷிஜா கைப்பையிலிருந்த செத்த போனைத் தொட்டுப் பார்த்தாள். "ராத்திரி முழுக்கக் கேட்டிருக்கு," என்றாள் மெதுவாக. "கேட்டதையே திருப்பித் திருப்பி. எவ்வளவு கேட்டாலும் மதியாவாது, சாரே."

"அழிக்க ஒரு பொத்தானை அமுக்கினா போதும், அழிக்கல்ல. எடுத்த ஆளுக்கு அது வெளிய போவப்பிடாது, ஆனா இல்லாமலும் ஆவப்பிடாது." அவர் அஜிஷாவின் பக்கம் திரும்பினார். "நீ பேரை மறைச்சிட்ட மக்கா. வழியை மறைக்கல்லியே? நம்ம ஊர்ல வழி சொன்னா வீட்டைச் சொன்னதாச்சு. அந்த வழி வந்து நிக்கது சாம்பக்கா மரத்தடியில. இந்த வீட்டுப் பின்னால சிவப்பா உதிர்ந்து கெடக்கது அந்தச் சாம்பக்காயாக்கும். மரத்துப் பக்கத்தில உள்ள வாசலை யாரோ கல்லு வச்சு அடைச்சிருக்கு."

தேநீர்த் தட்டோடு நின்றிருந்த விலாசினி டீச்சர் அதை மேசையில் வைத்தார்.

"நானாக்கும் எடுத்தது," என்றார். "நேத்து மாடிப்படி ஏறும்பம் இதுல கனகதாஸுக்க சத்தம் கேட்டுது. தட்டை அப்படியே படியில வச்சிட்டு உக்காந்துட்டேன். வேற ஜாதி, வேற மதம். நாங்க அந்த வாசல்ல நிண்ணு பேசினது தெரிஞ்சு எங்க அப்பா ஆளு விட்டுக் கல்லு கெட்டினாரு. கனகதாஸுக்கு அப்பம் வடக்க வேலை மாத்தம், வாசலை அடைச்சதே அறியாது. நான் விளிக்கல்லேன்னு அவரு இருந்தாரு, அவரு வரல்லேன்னு நானும் இருந்துட்டேன்." தட்டிலிருந்த கோப்பைகளை எடுத்து வைத்தார். "முன்வாசல் வழி போவப்பிடாதுன்னு இப்பமும் சொல்லுதாரே! ஊரு கேட்டாச் சிரிக்கும். ஒனக்க கஷ்டம் எனக்குத் தெரியும் மக்கா, பொறுத்துக்க."

அஜிஷா சஜனைப் பார்த்தாள். காலையில் இருந்து மனசுக்குள் அவனைத் திருடனாக்கி வைத்திருந்த வெட்கம் அவள் முகத்தில் தெரிந்தது. "டீச்சர் வேண்டாமின்னா அனுப்பல்ல," என்றாள். அந்தப் பதிவு இல்லாமல் கட்டுரை நிற்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"அனுப்பாண்டாம்," என்றான் சஜனும். "அடுத்த வருஷம் பாப்போம். நடந்த கால்தானே, இன்னும் நடக்கும்."

மணி ஐந்தை நெருங்கியது. டீச்சர் சன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து அஜிஷாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அத ஆன் பண்ணு. எங்கிட்ட நீ ஒருநாளும் வழி கேக்கல்லியே?"

அஜிஷா ரெக்கார்டரை அவர் முன்னால் வைத்தாள்.

"ரெயில் கேட்டு கடந்தா கனால் கரையோட வராண்டாம். தென்னந்தடிப் பாலம் இப்பம் இல்ல. ரோட்டு வழி வந்தா காங்கிரீட் பாலம், வழுக்காது. பாலம் கழிஞ்சு இடதுகைப் பக்கம் பச்சைக் கேட்டு. சின்ன வாசல் அடைச்சாச்சு. முன்வாசல் வழியே வரலாம், தடுக்க இனி ஒருத்தரும் இல்ல. மரம் உண்டு, இப்பமும் காய்க்கும். மரத்தடியில நிக்காண்டாம். விளிச்சாப் போதும்."

ஷிஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குற்றவாளியைப் பிடித்த இடத்தில் அழுவது தொழிலுக்கு லட்சணமில்லை என்று தெரிந்தும் நிற்கவில்லை.

"ரெண்டையும் அனுப்பு," என்றார் டீச்சர். "சிரிக்கவிய சிரிக்கட்டு. ஆனா எனக்கத மொதல்ல அவருக்கு அனுப்பு."

அஜிஷா அப்படியே செய்தாள். பிறகு கட்டுரையைத் திறந்து சஜனின் பெயரை முதலில் அடித்தாள். அவன் அதை மாற்றினான், அவள் மறுபடி மாற்றினாள். கடைசியில் கிருஷ்ணன்குட்டி கடிகாரத்தைத் தட்டிக் காட்டிய பிறகுதான் ஒருவழியாக அனுப்பினார்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது ஷிஜா திரும்பிப் பார்த்தாள். அவர்களை வழியனுப்ப வந்த டீச்சர் கேட்டைச் சாத்தவில்லை. பூட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.