தொட்டியில் இரண்டு கல்

காலை ஐந்தே முக்காலுக்கு ரெங்கராஜ் எழுந்தான். பல் துலக்கினான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினான். இரண்டு டம்ளரில் காபி ஊற்றினான். ஒன்றைக் குடித்தான். மற்றதில் ஆடை படிந்ததும் சிங்க்கில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தான். மனைவி ஜோதி போய் மூன்று மாதம். கை இன்னும் இரண்டு டம்ளரைத்தான் எடுக்கிறது.

பழைய கட்டடங்களை அளந்து, படமெடுத்து, எழுதிக் கொடுப்பது அவன் வேலை. எடமலைப்பட்டி புதூரிலிருந்து பைக்கில் கிளம்பி, மதுரை ரோட்டுக்கு மேற்கே பட்டியலில் இருந்த இரண்டு கோட்டைகளையும் பத்தரைக்குள் முடித்தான். கோட்டை என்று பேர்தான். சீமைக் கருவேலம் மூடிய மண்மேடு, இடிந்த கொத்தளத்து நிழலில் நாலு ஆடு. மிச்சம் இருந்தது பழைய பாதையோரத்துப் பொம்மி சத்திரம்.

கதவருகே பிளாஸ்டிக் நாற்காலியில் காவல்காரர் பிச்சமுத்து உட்கார்ந்திருந்தார்.

"அளக்க வர்றதா போன் பண்ணாங்க. எத்தனை பேரு தம்பி?"

"ரெண்டு பேர்."

சொன்னது நாக்குதான். பிச்சமுத்து பைக்கைப் பார்த்தார், காலியாகக் கிடந்த பாதையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை ஒட்டி இருந்த பானைக்குள் கைவிட்டு இரண்டு கூழாங்கல் எடுத்து, நிலைப்படியை ஒட்டி உள்பக்கம் இருந்த சின்னக் கல்தொட்டியில் போட்டார்.

"பல்லைக் காட்டாம கேளுங்க. போன மாசம் ஒரு ஆபீசர் சிரிச்சிட்டுத்தான் உள்ள போனாரு, வர்றப்ப சிரிக்கல. வழிப்பறிக் காலத்து முறை இது. ஆளுக்கு ஒரு கல்லு. வெளிய வர்றப்ப அவங்கவங்க கல்லை அவங்கவங்க எடுத்துக்கணும். தொட்டி காலியானா உள்ள ஆள் இல்லேன்னு அர்த்தம். சாத்திடுவேன்."

ஒன்றைத் திருப்பி எடுங்கள் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார். ரெங்கராஜ் உள்ளே போனான்.

வெளியே வெயில் கொதித்தாலும் உள்ளே தரை ஈரமாய்க் குளிர்ந்தது. வௌவால் எச்சத்தின் காரமும் எப்போதோ அணைந்த அடுப்புகளின் சாம்பல் வாசனையும் தூண்களுக்கிடையே தேங்கி நின்றன. எங்கோ ஒரு மாடப்புறா ஒரே குரலை விட்டுவிட்டு முனகிக்கொண்டிருக்க, அவன் செருப்புச் சத்தம் சுவரில் பட்டு அரை நொடி தாமதித்துத் திரும்பியது. இரண்டாவது கூடத்தில் அந்தத் தாமதம் கூடியது. நின்றான். செருப்புச் சத்தம் இன்னும் இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றது.

எதிரொலியாக இருக்கும். அப்படித்தான் நினைத்தான்.

மடைப்பள்ளியை அளக்க, டேப்பின் கொக்கியை ஒரு தூணின் வெடிப்பில் மாட்டி, இருட்டினூடே எதிர்ச்சுவர் வரை இழுத்தான். இருபத்தாறு அடி நாலு அங்குலம். எழுதிக்கொண்டான். பட்டனை அழுத்தினான். டேப் சுருளவில்லை. இழுத்தான். விறைப்பாக இருந்தது, ஆனால் கல்லில் மாட்டிய விறைப்பு இல்லை. லேசாக இளகி, மறுபடி இறுகியது. யாரோ பிடியை மாற்றிக்கொள்வது போல.

"யாரு?"

டேப் விடுபட்டுச் சரசரவென்று ஓடி வந்தது. நுனியில் ஈரம். ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு.

அவன் ஓடவில்லை. வேகமாக நடந்தான். முதல் கூடம். தூண்கள். வெளிச்சமாய்த் திறந்த கதவு. குனிந்து ஒரு கல்லை எடுத்தான்.

"இன்னொருத்தர் எங்க?" என்றார் பிச்சமுத்து, எழுந்து வந்து.

"யாரும் வரலைங்க."

"ரெண்டுன்னு சொன்னீங்களே தம்பி."

"தெரியாம சொல்லிட்டேன்."

"தெரியாமலா? பெத்தவங்க, பொண்டாட்டி, சிநேகிதன், யாரையாச்சும் நெனச்சுத்தானே ரெண்டுன்னு வாயில வரும்." அவர் குரல் இறங்கியது. "அப்படி ஆள் உசுரோட இல்லேன்னா, இல்லேன்னு வாயைத் தொறந்து சொல்லிடுங்க. சொன்னா அந்தக் கல்லை நான் எடுத்துடுவேன். சொல்லாம படி தாண்ட முடியாது."

இரண்டு வார்த்தை. ஜோதி செத்துப்போயிட்டா. மூன்று மாதத்தில் அவன் அதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் மச்சான் சொன்னான். ஆபீசில் மேனேஜர் குரூப்பில் போட்டார். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

வாயைத் திறந்தான். காற்று வந்தது.

"சொல்லுங்க தம்பி."

முடியவில்லை. சட்டென்று குனிந்து இரண்டாவது கல்லையும் அள்ளினான்.

தொட்டி காலி.

பிச்சமுத்துவின் பார்வை அவன் முகத்திலிருந்து நழுவியது. அவனை ஊடுருவி, பின்னாலிருந்த இருட்டைப் பார்த்தது. கழுத்தை நீட்டித் தொட்டியைப் பார்த்தார்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

"இங்க நிக்கிறேங்க. உங்க முன்னாடி."

"யாராச்சும் இருக்கீங்களா?"

"ஐயா."

"யாருமில்ல. வண்டியை விட்டுட்டு எங்க போனாங்க ரெண்டு பேரும்?" முணுமுணுத்துக்கொண்டே கதவைப் பிடித்தார்.

ரெங்கராஜ் காலைத் தூக்கினான். கால் படிக்கு மேலே வந்தது. உடம்பு வரவில்லை. வலது மணிக்கட்டை ஒரு கை பிடித்திருந்தது. பின்னாலிருந்து. இறுக்கமில்லை. குளிர்.

குறுகிவரும் வெளிச்சத்தில் அதைப் பார்த்தான். புறங்கையில் வெள்ளை பிளாஸ்திரி. அதன் கீழே பஞ்சு. ஊசி ஏறிய இடம், நீலம். வளையலில்லாத கை.

கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.

இருட்டு. பக்கத்தில் மருந்து வாசனை. சாய்ந்து உட்காருவதற்கு இடம் விட்டு, துணி நகரும் சத்தம்.

ஜோதி தூக்கத்திலேயே போனாள், கடைசியில் ஒன்றும் பேசவில்லை என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். அவள் பேசினாள். அன்று சாயங்காலம் பிளாஸ்கோடு எழுந்தவனின் மணிக்கட்டை இப்படியேதான் பிடித்தாள். அவன் மெதுவாக விடுவித்துக்கொண்டு, கேன்டீனுக்குப் படியிறங்கினான். டீயோடு திரும்பும்போது அவள் போயிருந்தாள்.

இப்போது காதோரம் அதே குரல். அதே நிதானம்.

"டீ அப்புறம் குடிச்சுக்கலாங்க. கொஞ்ச நேரம் என்கூட உக்காருங்க."