அணைக்காத கம்ப்யூட்டர்!

'தட்டாதே... என்டரைத் தட்டினால் அந்த மனுஷனை இரண்டாவது தடவை கொல்ல நீயும் உடந்தை!'

தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்திருந்த அவளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. கீபோர்டின் மேல் விரல்கள் அப்படியே நின்றன.

பின்னால் மேனேஜர்.

உள்ளே வந்ததும் கதவைத் தாழிட்டிருந்தார்.

"என்னம்மா யோசனை? ஒரு ஸ்க்ரிப்ட். ஓட்டினா எல்லா கம்ப்யூட்டரும் உள்ள வச்சிருக்கிற மெஷின் ரெக்கார்டோட பழைய காப்பியைத் தூக்கிப் போட்டுட்டு, சர்வர்ல இருக்கிற புதுசை எடுத்துக்கும். தினம் பண்றதுதானே?"

தினம் செய்வதுதான். ஆனால் தினமும் கீழே ரத்தம் கழுவுவதில்லையே!

நேற்று மாலை பிரஸ் மெஷின் மெக்கானிக்கை நசுக்கிவிட்டது. ஆள் உள்ளே இருந்தால் மெஷினை ஓடவிடாத சேஃப்டி லாக் நீக்கப்பட்டிருந்தது. நீக்கியது மேனேஜரின் பாஸ்வேர்ட். ரெக்கார்டில் அப்படி இருந்ததை நேற்றே திரையில் பார்த்தாள்.

இன்று காலை சர்வரில் அதே இடத்தில் மெக்கானிக்கின் பாஸ்வேர்ட்!

செத்தவர் மேலேயே பழி.

"காலைல ஆன் பண்ணினதெல்லாம் தானா மாறிடுச்சே சார்... அப்புறம் எதுக்கு?"

"ராத்திரி ஆஃப் பண்ணாம போற சோம்பேறிங்க இருக்காங்களே!"

ஒருத்தி இருந்தாள். பேக்கிங் அக்கா. மெக்கானிக்கின் மனைவி. 'ஆஃப் பண்ணிட்டுப் போங்கக்கா' என்று இவள் எத்தனை முறை கெஞ்சியிருப்பாள்! 'காலைல மறுபடியும் இதே மூஞ்சிதானே... விடும்மா' என்று சிரிப்பாள். நேற்று அலறிக்கொண்டு ஓடியபோதும் அணைக்கவில்லை.

டெலிபோன் அலறியது!

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. எடுத்தாள். "சொல்லுங்க... ஐயோ, வேண்டாம்! அப்படியே இருக்கட்டும்."

"யாரு?"

"பிரிண்டர்ல பேப்பர் சிக்கிக்கிச்சாம் சார்."

மேனேஜரின் கை அவள் தோளில் விழுந்தது. ஈரமாக இருந்தது.

"உனக்கும் வீட்ல புருஷன் இருக்கான்... நாளைக்கு நீயும் அந்த மெஷின் பக்கம் நடக்கணும். மெஷினுக்கு ஆள் பேதம் தெரியாதும்மா..."

பயப்படுவது அவளுக்குப் பழக்கம்தான். அப்பாவிடம், வாத்தியாரிடம், இவரிடம். பயந்துகொண்டே ஒன்றைச் செய்யாமல் இருக்கவும் முடியும் என்பதுதான் இத்தனை வயதாகியும் தெரிந்திருக்கவில்லை.

கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் பண்ண மாட்டேன் சார்."

"தள்ளு!"

அவரே குனிந்து என்டரைத் தட்டினார்.

திரையில் வரிசையாகப் பச்சை... பச்சை... பச்சை...

கடைசியில் ஒன்று மட்டும் சிவப்பு!

"பேக்கிங்! ஏன் பதில் வரலை?"

"காலைலயே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிட்டேன் சார்."

"போய்ச் சொருகு! இப்பவே!"

"முடியாது சார்."

அவர் கையை ஓங்கினார்...

டக்! டக்! டக்!

கதவுக்கு வெளியே கனமான குரல். "போலீஸ்! கதவைத் திறங்க!"

மேனேஜரின் முகம் வெளுத்தது. "யாரு... யாரு கூப்பிட்டது?"

"அக்காதான். இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டு வந்து அவங்க சீட்லயே உக்கார வச்சு, உங்க பாஸ்வேர்ட் இருக்கிற பழைய காப்பியைக் காட்டிட்டாங்க."

அவள் எழுந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தபடி திரும்பினாள்.

"ஜென்மத்துல முதல் தடவையா, 'இன்ஸ்பெக்டர் பார்த்து முடிச்சதும் ஆஃப் பண்ணட்டுமா'ன்னு கொஞ்சம் முன்னாடி போன் பண்ணிக் கேட்டாங்க சார்... நான்தான் வேண்டாம்னுட்டேன்!"