ஏழரை மார்க் வாங்கிய படக்கதை

"யாரைப் பார்த்தாலும் உடனே திருடன்னு முடிவு கட்டாம இருக்க உன்னால முடியாதா?" என்று கல்யாணமான புதிதில் ஞானசேகரன் தன் மனைவி சாந்தகுமாரியைக் கேட்டார். காணாமல் போன பால் பாக்கெட்டுக்காக எதிர் வீட்டுக்காரரை அவள் சந்தேகப்பட்ட நாள் அது. பாலைக் குடித்திருந்தது பூனை. இனிமேல் முயற்சி செய்வதாகச் சாந்தகுமாரி சொன்னாள். இன்றுவரை முயற்சிதான் செய்துகொண்டிருக்கிறாள்.

ஞானசேகரன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகச் சேதம் மதிப்பிடுகிறவர். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் உடைந்தால், தானாக உடைந்ததா, யாராவது உடைத்தார்களா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அந்தப் பெயரை நம்பித்தான் 2003-ஆம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மனாக இருந்த ஜெயராமன், லிங்கராஜபுரத்தில் அவர்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார். மார்போடு எதையோ டவலில் சுற்றி அணைத்திருந்தார்.

டவலைப் பிரித்தால், கண்ணாடி போல ஒரு கெட்டி பிளாஸ்டிக் உறை. உள்ளே பழைய அமெரிக்கப் படக்கதைப் புத்தகம். அட்டையில் ஒரு பச்சை ஆக்டோபஸ் ரயிலைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"அமெரிக்காவுக்கே அனுப்பி மார்க் வாங்கினதும்மா இது. அங்க ஒரு கம்பெனி பக்கம் பக்கமா பாத்து, மார்க் போட்டு, யாரும் தொட முடியாத மாதிரி சீல் வெச்சுடுவாங்க. பத்துக்கு ஏழரை!"

"ஏழரையா?" சாந்தகுமாரி ஓர் அடி பின்வாங்கினாள். "எள்ளு விளக்கு போட்டீங்களா?"

"ஐயோ, இது நல்ல ஏழரைம்மா." ஜெயராமன் தேங்காய் வாங்குகிறவர் போல உறையை அவள் காதருகே கொண்டுவந்து ஆட்டினார். "சலசலங்குதா? உள்ள ஒட்டவே இல்ல. அசல்னா அப்படித்தான் இருக்கும்." அடுத்த கணம் அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஆனா அந்த ஓஸ்வால்ட் இதைக் கெடுத்துட்டான் தம்பி."

ஓஸ்வால்ட், காக்ஸ் டவுன் பகுதியில் படத்துக்கு ஃபிரேம் போடுகிறவர். ஜெயராமனுக்குப் பள்ளிக்கூடத் தோழர். இந்தப் புத்தகத்தைச் சிவாஜிநகர் நடைபாதையில் இருவரும் சேர்ந்துதான் வாங்கினார்கள். போன மாதம் சுவரில் மாட்ட மரச்சட்டம் போடுவதற்காக, உறை ஒரு வாரம் ஓஸ்வால்ட் கடையில் இருந்தது.

"திரும்பி வந்தப்புறம் பாத்தா, கீழ் மூலை ரெண்டும் நசுங்கியிருக்கு. இதோ அமெரிக்காவுல எடுத்த ஃபோட்டோ. மூலை கத்தி மாதிரி இருக்குதா இல்லையா? சீலைப் பிரிச்சு, உள்ள எடுத்துப் படிச்சு, திரும்ப ஒட்டியிருக்கான். 'படிக்க வாங்கினதை ஜெயில்ல போட்டுட்டியே மேன்'னு அன்னிக்கே கேட்டான். சாயங்காலம் போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன்."

"அவரேதான்!" என்றாள் சாந்தகுமாரி. "பிளாஸ்டிக் அறுக்க, ஒட்ட, எல்லா சாமானும் கடையிலயே இருக்குமே!"

ஞானசேகரன் போனை எடுத்து ஓஸ்வால்டை வரச் சொன்னார்.

ஓஸ்வால்ட் அரை மணியில் ஸ்கூட்டரில் வந்தார். உள்ளே நுழைந்தவர் உட்காரும் முன் சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவின் கண்ணாடியை ஊதி, சட்டை நுனியால் துடைத்தார். பிறகுதான் ஜெயராமனைப் பார்த்தார்.

"போலீஸ் கேஸ்னா எந்த ஸ்கூல் எனக்கு ஃபிரேம் ஆர்டர் குடுக்கும் மேன்? கடையை மூடிட்டு நான் என்னா பண்றது?"

"படிக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்!"

"நான் படிக்கல மேன்! ஏசு மேல சத்தியம்!"

"சத்தியம் பண்ற வேகத்தைப் பாத்தீங்களா?" என்று சாந்தகுமாரி கணவரின் காதில் கிசுகிசுத்தாள். அவர் ஜன்னலோரம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைப் பிரிச்சவங்க யாருமே இல்ல" என்றார் கடைசியில். "நாலு பக்கமும் பிளாஸ்டிக் உருகி ஒண்ணாச் சேர்ந்திருக்கு. பிளேடு கீறல் இல்ல, பசை வெளுப்பும் இல்ல."

"கெட்டிக்காரன், தெரியாம ஒட்டியிருப்பான்!"

"சரி, அப்படியே வெச்சுக்குவோம். படிக்கறவன் பக்கத்தை எங்க புரட்டுவான்? வலது ஓரத்துல. அந்த ஓரம் ஃபோட்டோவுல இருக்கற மாதிரியே இருக்கு. புத்தகத்தோட முதுகுலயும் மடிப்பு இல்ல. அடி மட்டும்தான் நசுங்கியிருக்கு. இன்னொண்ணு, உறைக்குள்ள கீழ பாருங்க."

எல்லாரும் குனிந்தார்கள். உறையின் அடியில் வெள்ளையாகக் காகிதத் துணுக்குகள் கிடந்தன.

"வீட்டுக்குள்ள வந்ததும் மொதல்ல கண்ணாடியைத் துடைக்கற மனுஷன், இவ்வளவு தூசியை உள்ள விட்டுட்டு மூடுவாரா? இது மூடினதுக்கு அப்புறம் உதிர்ந்தது."

"மூடின டப்பாவுக்குள்ள போய் யாருங்க இடிச்சது? பேயா?" என்றாள் சாந்தகுமாரி.

"ஜெயராமண்ணா, வீட்டுக்கு யாராவது வந்தா இதை எப்படிக் காட்டுவீங்க? கொஞ்சம் செஞ்சு காட்டுங்க."

ஜெயராமனுக்குப் பெருமை தாங்கவில்லை. உறையை நிமிர்த்திப் பிடித்து, ஞானசேகரன் காதருகே கொண்டுபோய் ஆட்டினார். சலசல. இன்னும் ஒருமுறை ஆட்டினார். எல்லோருடைய கண்ணெதிரிலேயே இடது மூலையிலிருந்து ஒரு புதுத் துணுக்கு உதிர்ந்து கீழே விழுந்தது.



"கெட்டி உறை வெளி அடியைத்தான் தடுக்கும்ணா" என்றார் ஞானசேகரன் மெதுவாக. "உள்ள புத்தகம் நகர இடம் இருந்தா, ஆட்டும்போதெல்லாம் உறையே புத்தகத்தை இடிக்கும். பெட்டி முழுசா வந்து, உள்ள மோட்டார் நொறுங்கிக் கிடந்ததை நான் எத்தனையோ பாத்திருக்கேன். இதை எத்தனை பேருக்கு ஆட்டிக் காட்டியிருப்பீங்க?"

"ஆயுத பூஜைக்கு ஒர்க்ஷாப்ல எல்லாருக்கும்..." ஜெயராமன் உறையைக் கீழே இறக்கினார். "பொண்ணைப் பாக்க வந்தாங்களே, அந்தக் குடும்பத்துக்கு ஒவ்வொருத்தர் காதுலயும். கேஸ் சிலிண்டர் போடறவனுக்குக்கூட. ஒட்டி வெச்சிருந்தா டூப்ளிகேட்னு நானேதான் நெனச்சுக்கிட்டேன்." அவர் ஓஸ்வால்ட் பக்கம் திரும்பினார். "ஓசு... தப்பா பேசிட்டேன்டா."

ஓஸ்வால்ட் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

ஜெயராமன் உறையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. ஆனால் சத்தம் நகரவில்லை. சாந்தகுமாரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஓஸ்வால்ட் இன்ஜினை ஓடவிட்டபடி ரோட்டையே பார்த்து உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் ஆள் உட்கார இடம் இருக்கும்படி நன்றாக முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"சார், கீழ பாருங்க" என்றாள்.

ஜெயராமன் பார்த்தார். உறையைச் சோபாவில் படுக்க வைத்தார். செருப்பைக்கூடத் தேடாமல் இறங்கி ஓடி, பின்சீட்டில் ஏறி, ஓஸ்வால்டின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஓஸ்வால்ட் திரும்பிப் பார்க்காமலே கியரைப் போட்டார். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிப் போயிற்று.