கத்திமீன்கள் விலகிய இடம்

தொட்டியின் நடுப்பக்கம் மட்டும் ஒரு மீன்கூடப் போகவில்லை.

நெலிதா கையிலிருந்த வலையைக் கீழே வைத்தாள். இக்கிட்டோஸ் நகரத்து ஆற்றங்கரையில், வெளிநாட்டுக்கு அலங்கார மீன் அனுப்பும் அந்தத் தகரக் கொட்டகையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். முழங்கால் ஆழச் சிமெண்டுத் தொட்டியில் முந்நூறு கறுப்புக் கத்திமீன்கள். அவற்றுக்குக் கண் பெயருக்குத்தான். உடம்பிலிருந்து மெல்லிய மின்சாரத்தைத் தண்ணீரில் பரப்பி, அது எங்கே கலைகிறதோ அங்கே கல்லோ வேரோ உயிரோ இருப்பதாக உணர்ந்து விலகும்.

நடுவில் எதுவும் இல்லை. தெளிந்த தண்ணீர். ஆனாலும் அந்தக் கறுப்பு உடம்புகள் எதையோ உரசிவிடாமல் வளைந்து வளைந்து போயின. அவை விட்டுவைத்த வெற்றிடத்துக்குத் தலை இருந்தது, தோள் இருந்தது, சற்றே விரிந்த இரண்டு கால்கள் இருந்தன.

பதினோரு நாளைக்கு முன்னால், இதே தொட்டியில் அவளோடு வேலை பார்த்த ரோசெந்தோ மின்சாரம் தாக்கிச் செத்து அப்படித்தான் கிடந்தான்.

மத்தியான மழை தகரத்தை அறைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் தண்ணீர் மோட்டாரின் உறுமலும், பாசி வாடையும், அதற்கும் அடியிலிருந்து லேசாகக் கசிந்த கருகிய ரப்பர் நாற்றமும் கலந்திருந்தன. மோட்டார் வயர் தோல் உரிந்து கிடந்ததை அவள் பார்த்திருந்தாள். போலீஸ் கேட்டபோது, "வயர் நல்லாத்தான் இருந்துச்சு. அவன்தான் குடிச்சிருந்தான்" என்று சொல்லிவிட்டாள். வேலை போய்விடுமென்ற பயம்.

"என்னடி, நின்னுக்கிட்டே தூங்குறியா?" முதலாளி எவாரிஸ்தோ வந்தார். "நாலு மணிக்கு விமானம். மீனைப் பிடி."

"முதலாளி, மீன் ஒதுங்குது பாருங்க. நடுவுல யாரோ படுத்திருக்கிற மாதிரி..."

"படுத்திருக்கானா? எழுப்பி வேலை பாக்கச் சொல்லு. செத்தும் சோம்பேறி!"

சிரித்தபடி கால்சட்டையைச் சுருட்டி, அவள் வைத்த வலையை எடுத்துக்கொண்டு அவரே இறங்கினார். அவர் கால்களைச் சுற்றி மீன்கள் இரண்டு வட்டமாக விலகின.

நடுவிலிருந்த வெற்றிடம் சுருங்கியது. தலையிருந்த இடத்தில் மீன்கள் புகுந்தன. பிறகு தோளில். இடுப்பில். மிஞ்சியவை இரண்டு சிறு வட்டங்கள்.

எழுந்து நின்றுவிட்டது.

"வெளிய வாங்க முதலாளி! உங்க பின்னாடி..."

"வாயை மூடு. இன்னொரு தடவை அவன் பேச்சை எடுத்தே, நீ போலீசுல பொய் சொன்னதை நானே போய்ச் சொல்லுவேன்."

வலையை விட்டெறிந்துவிட்டு எதிர்ப்பக்கமாக ஏறி, வண்டிக்காரனைத் திட்டிக்கொண்டே வெளியே போனார். அவர் கால் இருந்த வட்டங்கள் மூடிக்கொண்டன.

மற்ற இரண்டும் அங்கேயே நின்றன.

இடது வட்டம் நகர்ந்தது. பிறகு வலது. அவர் போன பக்கம் இல்லை.

அவள் பக்கம்.

ஓட நினைத்தாள். தொட்டிக்கு வெளியே நின்றபடியே கைகூப்பினாள்.

"நான் என்னப்பா பண்ணுவேன், ரோசெந்தோ... எனக்கு வேற வழியில்லப்பா..."

இடது. வலது. தொட்டி விளிம்புக்கு ஒரு முழம்.

ஒரு காலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துவைத்ததுபோல இடது வட்டம் மூடிக்கொண்டது. ஒற்றை வட்டம் மட்டும், அவளுக்கு நேர் எதிரே.

அதுவும் மூடியது.

முந்நூறு மீன்களும் தொட்டி முழுக்கப் பரவி நிம்மதியாக நீந்தின. தண்ணீரில் இப்போது காலியிடமே இல்லை.