அம்மாவைக் காணோம்

தங்கை போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் குரலுக்குப் பின்னால் லிஃப்டின் அறிவிப்புக் குரல் திக்கியது. "கத... கதவு மூடுகிறது."

அந்தத் திக்கல் தினமும் காதில் விழுவதுதான். ஆனால் இப்படிப் போன் வழியாக, தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல, வீட்டிலிருந்து அது கேட்டதில்லை. இந்தத் தகரக் குரலை இவள் வேறெங்கோ கேட்டிருக்கிறாள். அதுதான் உறுத்தியது.

"லைன்ல இருக்கியாக்கா? ஷாம்பு வாங்கிட்டு வான்னேன். ஊருக்கெல்லாம் காது கொடுக்கறே, வீட்டுப் பேச்சு மட்டும் உனக்கு விழாது."

இவள் வேலை பார்க்கும் கண் மருத்துவமனை வரவேற்பறையில் மாலைக் கூட்டம். சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள் இமைகளைப் பஞ்சால் ஒற்றியபடி வரிசையாகத் தலை சாய்த்திருந்தார்கள். டெட்டால் வாடையும் நனைந்த குடைகளின் வாடையும் கலந்து மூச்சை அடைத்தன. கூடப் பிறக்காத இந்தத் தங்கை, போன வருடம் ஒரு நாள் வீங்கிய கண்ணோடும் கழுத்தில் விரல் தடங்களோடும் வந்து, வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அந்த ஓரத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டவள். அவள் பெற்ற பாப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் புருஷன் அவளை அடித்தான். எங்கே போனாலும் தேடி வருவேன் என்றும் சொல்லியிருந்தான். அன்று அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனது இவள்தான்.

ஊருக்குக் கொடுத்த காது என்பது இணையத்தில் 'எந்த இடம்?' என்றொரு குழு. முகம் தெரியாதவர்கள் ஒரு படத்தையோ ஒலியையோ போட்டால், எல்லோரும் சேர்ந்து அது எந்த ஊர், எந்தத் தெரு என்று கண்டுபிடிப்பார்கள். அங்கே இவளுக்குக் காதுக்காரி என்று பெயர். சேரும்போது அவரவர் பால்கனிப் படத்தைப் போட வேண்டும். இவளுடையதைக் காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்து, கட்டடத்தின் பெயர் வரை எழுதிக் கைதட்டினார்கள்.

போன வாரம் ஒரு புது ஆள் வந்தார். "அம்மாவைக் காணோம். ஒரே ஒரு தடவை போன் வந்தது. பேசாமலே வெச்சுட்டாங்க" என்று எழுதி, அந்த அழைப்பின் ஒலியைப் போட்டார். பாவம், வயசானவங்க, மறதியா இருக்கும் என்று யாரோ சொல்ல, குழுவே உருகிப்போனது. இவளும் ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்து, மூச்சுக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் பிரித்தெடுத்துக் கொடுத்தாள். எவர்சில்வர் தொட்டியில் சொட்டும் குழாய். கூண்டில் காதல் பறவைகள். திக்கும் லிஃப்ட். நேற்று விளையாட்டாக, "எங்க பில்டிங் லிஃப்டும் இப்படித்தாங்க திக்கும்!" என்று எழுதினாள். எல்லோரும் சிரித்தார்கள். புது ஆள் மட்டும், "ரொம்ப நன்றிக்கா" என்றார்.

இப்போது போனில் குழாய் சொட்டியது. பக்கத்து வீட்டுப் பறவைகள் கீச்சிட்டன.

"ஏய், நீ அங்கே போன் பண்ணினியா?"



"பாப்பா குரலை ஒரு தடவை கேட்டுடலாம்னு... அவர்தான் எடுத்தார். பேசாம வெச்சுட்டேன்க்கா. நம்பரைக்கூட மறைச்சுதான் பண்ணினேன்."

புது ஆளாக வந்த அவன் பொய்யே எழுதவில்லை. பாப்பாவுக்கு அம்மாவைக் காணோம்தான். வயசையும் மறதியையும் சேர்த்தது குழுதான்.

"யார் வந்தாலும் கதவைத் திறக்காதே. என்கிட்ட சாவி இருக்கு. யாரா இருந்தாலும், கேட்டியா?"

"சரிக்கா. ஏன்க்கா, என்னாச்சு?"

சொன்னாள். போனை வைத்தாள்.

போலீஸுக்குச் சொன்னாள், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். மழையில் ஓடி ஒரு வாடகைக் காரை மறித்தாள்.

"எந்த இடம்மா?" என்றார் டிரைவர். முகவரி சட்டென்று வாயில் வரவில்லை.

சிக்னல் சிவப்பு. துடைப்பான் கண்ணாடியை வறட்டு வறட்டென்று தேய்த்தது. தங்கைக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

போன் மினுங்கியது. குழு. புது ஆள் ஒரு ஒலி போட்டிருந்தார். "எல்லாருக்கும் நன்றி. அம்மா கிடைச்சுட்டாங்க."

இயர்போனைச் செருகினாள்.

"கத... கதவு மூடுகிறது."

செருப்புச் சத்தம். நின்றது. காதல் பறவைகள்.

ஒரு குழந்தைக் குரல். "அம்மா, நான்தான்."

உள்ளே ஏதோ விழுந்தது. ஓடிவரும் கால்கள்.

"அம்மா, நான்தான்."

அதே குரல். அதே இடத்தில் அதே மூக்குறிஞ்சல். பதிவு. குழந்தை அங்கே இல்லை.

"பாப்பா! என் செல்லமே!"

தாழ்ப்பாள் விலகியது.

சிக்னல் இன்னும் சிவப்பு. ஒலி ஓடிக்கொண்டே இருந்தது. அதன் கீழே இதயங்கள், பூங்கொத்துகள். 'கண்ணுல தண்ணி வந்துடுச்சுப்பா.' 'காதுக்காரிக்குத்தான் எல்லாப் புகழும்!'

கடைசியாக ஒருவர் கேட்டிருந்தார்.

'முடிவுல தரையில ஏதோ இழுபடற மாதிரி ஒரு சத்தம் வருதே, அது என்ன? காதுக்காரி, நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்.'