மூன்றாம் தண்ணீர்

செவ்வாய்க்கிழமையே மீன் தொட்டியைக் காலி செய்தாயிற்று. வெள்ளிக்கிழமையும் அதன் கீழே விரித்திருந்த பேப்பர் நனைந்திருந்தது.

பரிமளம் அண்ணாந்து பார்த்தாள். கூரை ஒழுகவில்லை. பேப்பரை எடுத்து முகர்ந்தாள். பாசி வாடையும் இல்லை, மீன் வாடையும் இல்லை. இலேசாகப் புளித்த, வெள்ளையான ஒரு வாடை. தினமும் மூக்கில் படுகிற வாடைதான், ஆனாலும் இன்னதென்று பிடிபடவில்லை.

தொட்டி என்றால் மேசை மேல் வைக்கிற பெட்டி இல்லை. ஆறடி நீளம், மூன்றடி உயரம். அவள் புருஷன் செல்லச்சாமி, கடைகளில் கழற்றிப் போட்ட கனத்த கண்ணாடிகளைச் சேர்த்து, அம்பிட்டிய மேட்டு வீட்டின் முன்னறையில் வைத்தே ஒட்டியது. கதவால் வெளியே போகாது. கந்தோர் வேலை விட்டு வந்ததும் மனுஷன் அதன் முன்னால்தான் கதிரையைப் போட்டு உட்காருவார். மீன் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்துக் கொஞ்சினார். கட்டியவளை இருபத்தேழு வருஷமும் ‘இந்தா’ என்றுதான் கூப்பிட்டார். சோறு நன்றாயிருக்கிறது என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை. அந்தக் கசப்பு ஆள் போன பிறகும் போகவில்லை.

ஆள் போனதும் அந்தத் தொட்டியில்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், கசிவை அடைக்கிறேன் என்று முக்காலியில் ஏறித் தண்ணீருக்குள் தலையைக் கவிழ்த்தவர் நிமிரவே இல்லை. மாரடைப்பு என்றார்கள். தான் பின்வளவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததாகப் பரிமளம் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள்.

உடைத்துப் போட்டிருப்பாள். மகள் நிரோஷினி விடவில்லை.

“அப்பா ஞாபகமா இருக்கிறது அது ஒண்ணுதாம்மா, இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஒழுக்க நிப்பாட்டுங்க. தரை ஈரமா கெடந்தா புள்ளைய எப்படி ஒங்ககிட்ட விடுறது? ஏற்கனவே நெஞ்சுச் சளி.”

திங்கட்கிழமை நிரோஷினி வேலைக்குத் திரும்புகிறாள். ஞாயிறு குழந்தையைக் கொண்டுவருவாள், தரை காய்ந்திருந்தால். பத்து மாதக் குழந்தை. பரிமளத்தைக் கண்டால் கைகொட்டிச் சிரிக்கிற ஒரே ஜீவன் உலகத்தில் அதுதான். அதற்காக அவள் எதையும் செய்வாள்.

மீன்களை வாங்கிப்போன அலவத்துகொட நுஸ்கி, தண்ணீரை இறைத்துவிட்டுப் போகும்போதே சொல்லியிருந்தார். “வெளியால பூசினா நிக்காது அக்கா. பழைய சிலிக்கன முழுக்கச் சுரண்டிப் போட்டு, உள்ளுக்கு எறங்கித்தான் பூசோணும்.”

உள்ளே இறங்க அவளுக்கு மனசு வரவில்லை. வெளியாலேயே பூசினாள். பேப்பர் நனைந்தது.

கசிவைக் கண்டுபிடிக்க செல்லச்சாமி கண்ணாடியில் பவுடர் தடவுவார். ஈரம் பட்ட இடம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். வீட்டில் பவுடர் இல்லை. சாமி படத்தடியில் இருந்த திருநீற்றை அள்ளி மூட்டுகளிலும், அடியிலும், மேல் விளிம்பிலும் தடவிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். திரும்பி வந்து பார்த்தபோது மூட்டெல்லாம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மேல் விளிம்பில் மட்டும், ஓர் ஆளின் நெஞ்சு அகலத்துக்கு, கறுத்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஹந்தானை மலைப் பக்கமிருந்து மழை இறங்கியது. இனி நாள் இல்லை. போனைக் கதிரையில் வைத்துவிட்டு, பிளேடையும் சிலிக்கன் குழாயையும் எடுத்துக்கொண்டு, அதே முக்காலியில் ஏறி உள்ளே இறங்கினாள். கண்ணாடி விரியாமலிருக்க மேலே குறுக்கே ஒட்டிய கண்ணாடிப் பட்டிகளின் அடியில் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, கடைசி மூலைவரை ஊர்ந்துதான் போக வேண்டியிருந்தது. உள்ளே போனதும் மழைச் சத்தம் மங்கி, தன் மூச்சு மட்டும் தன்னிடமே திரும்பி வந்தது. பழையதைச் சுரண்டினாள். புதியதைப் பூசி விரலால் இழுத்தாள். சிலிக்கனின் வினாகிரி நெடி கண்ணைக் கரித்தது. அந்த நெடிக்கும் அடியில் அந்தப் புளித்த வாடை.

இப்போது பிடிபட்டது. அரிசி களைந்த தண்ணீர்.

அன்று அவள் பின்வளவில் இல்லை. சமையலறை வாசலில், கல் அரிக்கும் அரிக்கன் சட்டியோடு நின்றாள். முதல் தண்ணீரை வடித்தபோது அவர் கால் பட்டு முக்காலி சாய்ந்தது. பார்த்தாள். இரண்டாம் தண்ணீரில் அந்தக் கால்கள் உதறின. பார்த்துக்கொண்டே களைந்தாள். எத்தனையோ வருஷத்து வெறுப்பு, கையை நிறுத்தவிடவில்லை. சோற்றரிசியை மூன்று தண்ணீர் களைய வேண்டும். மூன்றையும் களைந்து முடித்துவிட்டுத்தான் அலறிக்கொண்டு ஓடினாள்.

சமையலறையில் சளக், சளக் என்றது.

பரிமளம் அசையவில்லை. மழைதான். மழையாகத்தான் இருக்க வேண்டும்.

சளக். சளக்.

வெளியே முக்காலி சாய்ந்து விழுந்தது.

இடுப்பின் கீழ் ஜில்லென்றது. வெள்ளைத் தண்ணீர். எழப்போனாள், நெற்றி பட்டியில் இடித்தது. பின்னால் ஊர்ந்தாள். சேலை, மூலையில் பூசிய சிலிக்கனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தாள். வரவில்லை. தண்ணீர் தோளுக்கு வந்தது.

கதிரையில் போன் அடித்தது. திரையில் குழந்தையின் சிரிப்பு வெளிச்சமாய் மின்னியது. கண்ணாடியைக் குத்தினாள். போன் அடித்து ஓய்ந்தது.

அப்போதுதான் கீழே விரித்த பேப்பரைப் பார்த்தாள். காய்ந்திருந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை. தரையெல்லாம் குழந்தை தவழுகிற மாதிரி காய்ந்து கிடந்தது. பூச்சு நின்றுவிட்டது.

சமையலறை வாசலில் செல்லச்சாமி நின்றார். நெஞ்சு வரைக்கும் நனைந்த சட்டை. கையில் அரிக்கன் சட்டி. பார்த்துக்கொண்டே களைந்தார்.

“என்னங்க...”

வாய்க்குள் தண்ணீர் போனது. முகத்தைத் தூக்கிப் பட்டியோடு ஒட்டினாள். ஒரு விரல் உயரத்துக்கு மூச்சு இருந்தது.

செல்லச்சாமி இரண்டாம் தண்ணீரை வடித்தார். குனிந்து பொறுமையாக ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். பிறகு மூன்றாவதற்குக் குடத்தைச் சாய்த்தார்.